பத்துக்கு மூன்று

போன வருஷம் கேட்டிருந்தார்கள்:
பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் ஒப்பிடுக.
பரீட்சை ஹாலிலேயே சிரித்துவிட்டேன்.
என் சட்டி பானையைப் பற்றிக் கேட்டதுபோல் இருந்தது.

வடகடல் ஒரு பக்கம் எழுதினேன்:
பெண் கடல், சேறு, அலை அடங்கினது,
நண்டுக்கு நல்லது.
தென்கடல் ஒன்றரைப் பக்கம்:
ஆண் கடல், பார், குருசடைத் தீவு,
நான் முங்குகிற ஆழம்,
மரிக்கொழுந்துப் பாசி எந்தக் கல்லில்
எந்த மாசத்தில் என்பது வரைக்கும்.

பணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கினேன்.
பத்துக்கு மூன்று.
ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வார்த்தை:
ஒப்பீடு?

அந்தக் கேள்விக்குறி
விரலில் சுற்றின துணிக்குள்
முள்ளாக இருந்தது ஆறு மாசம்.

பிறகொரு நாள் மண்டபத்திலிருந்து வருகையில்
பாலத்து நடுவில் பஸ் நின்றது.
முன்னால் ஏதோ லாரி பஞ்சர்.
இடது ஜன்னலில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஒன்று,
வலது ஜன்னலில் நுரை கக்கிக்கொண்டு ஒன்று.
கச்சானில் இது கொந்தளிக்கையில் அது கிடக்கிறது,
வாடையில் அது எழும்புகையில் இது கிடக்கிறது.
தலையை இப்படியும் அப்படியும் திருப்பினேன்.
கழுத்து வலியா என்றாள் பக்கத்துச் சீட்டுக்காரி.
இல்லை,
ஒரே வாக்கியத்துக்குள் ரெண்டு கடலும் வரணும் என்றேன்.
அவள் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் எந்தக் கேள்வியிலும்
கடைசி வார்த்தையைத்தான் முதலில் படிக்கிறேன்.
திருக்கைக்கு முள் வாலில்.
தலையைப் பார்த்துக் கை வைத்தால்
பின்னாலிருந்து அடிக்கும்.

விளக்குக என்றால்
கரி பிடித்த சோற்றுப்பானை.
அடி தெரிகிற வரைக்கும் தேய்க்கணும்.
விவரி அப்படியல்ல.
பானை எவ்வளவு பெரிசு, எத்தனை நசுங்கல், யார் சீதனம்,
கரியைத் தொடவே வேண்டாம்.
சுருக்கி வரைக என்றால்
பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்து ஒரு கிலோ.
தண்ணீர்தான் போகணும்.
எனக்கு முதலில் பாசி போய்விட்டது.

வரையறு என்பதற்கு இன்றைக்கும் கை ஓடாது.
வரை. அறு.
கோடு போடு, வெட்டு.
கொழுந்தன் முனீஸ் போன ஆவணியில்
தாண்டினதாகச் சொன்ன கோடு
தண்ணீரில் யார் கண்ணுக்கும் தட்டுப்படவில்லை.
படகு இன்னும் அந்தப் பக்கம் நிற்கிறது.
இரண்டு மார்க் கேள்விதான்,
விட்டுவிடுகிறேன்.

மதிப்பிடுக என்பதை
ஏஜென்ட் ரேமண்ட் தினமும் செய்கிறார்.
நல்ல நிறம் என்பார், மணல் இருக்கே என்பார்,
ஈரம் வேற என்பார்.
ஆனால் கடைசியில் ஒரு விலை சொல்லியாகணும்.
சொல்லாமல் தராசை இறக்க முடியாது.
குணமும் குறையும் நிறைய எழுதி
விலை சொல்லாமல் எழுந்து வந்தவள் நான்,
இரண்டு தடவை.

இன்றைக்கு மூன்றாவது. ராமநாதபுரம் சென்டர்.
உப்பில் வெடித்த விரலில் பேனா நிற்க மாட்டேன் என்கிறது.
பதினாறாம் கேள்வி:
'கடலைக் காக்கும் சட்டங்கள்
கரையோர மக்களைக் கடலிலிருந்து பிரிக்கின்றன.
இக்கூற்றை மதிப்பிடுக.'

வீட்டில் பிஸ்கட் டப்பாவில் ஒரு நோட்டீஸ் கிடக்கிறது.
நம்புஈஸ்வரி, க/பெ காளிமுத்து,
தடை செய்யப்பட்ட தீவருகே காணப்பட்டது குறித்து
ஏழு நாளுக்குள் விளக்கம் அளிக்கவும்.
அன்றைக்கும் பானை தேய்த்தேன், நாலு பக்கம்.
அபராதம் வந்தது.

இந்தத் தாள் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை.
விலை கேட்கிறது.

பார் செத்தால் பாசி இல்லை என்று எழுதினேன்.
ஒரு காலத்தில் இரும்புத் தகட்டால் கல்லோடு சுரண்டினோம்,
அதையும் எழுதினேன், கை கூசியது.
கோடு போட்டவர்கள் ஒரு நாளும் முங்கிப் பார்க்கவில்லை என்றும்.
முன் பெஞ்சில் ஜுலைகா பீவி
தாள் கட்டும் நூலுக்குக் கை நீட்டுகிறாள்.
இன்னும் பத்து நிமிஷம் என்கிறார்கள்.

ஆகவே,
என்று ஆரம்பித்தேன்.