பின்னிணைப்பு ஏழு

கணக்கை நான் பேரேட்டிலிருந்து தொடங்குவதில்லை.
மின்கட்டண ரசீதிலிருந்து தொடங்குவேன்.
மீட்டருக்குச் சொந்தக்காரர்கள் கிடையாது.

புதுவயல், அறந்தாங்கி சாலை, அரிசி ஆலை.
விற்பவர் சாத்தப்பன். மகள்கள் இருவரும் மெல்போர்னில்.
வாங்குபவர் காங்கேயத்துக்காரர்,
போனில் மட்டும் இருக்கிறவர்.
நடுவில் நான்,
இரண்டு பக்கமும் காபிக்குக் கூப்பிடத் தயங்குகிற ஆள்.

சித்திரையில் ஓடியது அறுபத்தெட்டாயிரம் யூனிட்.
விற்றுக் காட்டிய அரிசிக்கு நாற்பதே போதும்.
மிச்சம்?
"கூலிக்கு அரைச்சது" என்றார்.
கூலி நோட்டு மதியத்துக்குள் வந்தது.
ஆறு மாதத்துத் தேதிகள், ஒரே பேனா,
ஒரே உட்காரலில் வலித்த கை.

கிடங்கில் ஏணி கேட்டேன். சாவி இல்லை என்றார்கள்.
ஏணிக்கு எதற்கு சாவி?
ஏறிப் பார்த்தால் மூட்டை அடுக்கின் நடுவே ஒரு கிணறு.
நான்கு பக்கமும் நெல், உள்ளே வெறும் தரை.
தரையில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது.
எண்ணினேன், பழக்கதோஷம்: நான்கு.
இருப்புப் பட்டியலில் அவையும் இல்லை.

மூன்றாம் நாள்தான் மகமை கண்ணில் பட்டது.
மாதாமாதம் ஐந்தாம் தேதி, ஒன்பதாயிரம்,
பதினோரு வருடமாக.
கொரோனா மாதங்களில்கூட
ஆலை நின்றிருக்கிறது, அந்த வரி நிற்கவில்லை.
எதுவும் எதோடும் ஒத்துப்போகாத இடத்தில்
இவ்வளவு ஒழுங்கா?
சந்தேகப்பட்டேன்.

எந்தக் கோயில்? ரசீது?
சாத்தப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்துக்கொண்டே இருந்தார்.

பாய்லர் சந்தியாகு வாசல்வரை கூடவே வந்தார்.
"கோயில் இல்ல மேடம். அடைக்கலமேரி.
எலிவேட்டர் பெல்ட்ல இடது கை போச்சு.
கேசும் போடல, ஒரு தாளும் எழுதல.
ஆசுபத்திரில வச்சு இவரு வாய்வார்த்தை கொடுத்தாரு."

என்ன வார்த்தை?
என் தொழிலில் இதுதான் முக்கியம்.
'நான் இருக்கிறவரை' என்றால்
அது அவரோடு ஆலையை விட்டுப் போய்விடும்.
'ஆலை இருக்கிறவரை' என்றால்
காங்கேயத்துக்காரர் தலையில்.

சாத்தப்பன் சொன்னார்: "நான் இருக்கிறவரைன்னுதான்."
கூலி நோட்டை நீட்டிய அதே முகம்.
பொய்யென்றால் இது அவருக்கு லாபமா நஷ்டமா என்று
இரவு முழுக்கப் புரண்டேன்.
விலைக்கு லாபம். பாக்கி நாளுக்கு நஷ்டம்.

சாக்கோட்டைக்குப் போனேன்.
ஒற்றைக் கையால் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்,
காம்பைக் கால்விரலில் இடுக்கி.
கேட்டேன். நிமிரவில்லை.
"அப்ப அவரும் ஆலையும்
வேற வேறயாவா மேடம் இருந்தாங்க?"

வயது கேட்டேன். நாற்பத்தாறு.
எட்டு சதவீதம், இருபத்துநாலு வருடம்:
பதினோரு லட்சத்து முப்பத்தேழாயிரம்.
பின்னிணைப்பு ஏழு என்று தலைப்பிட்டேன்.
'கோயில்' என்பதை அடித்தேன், 'நன்கொடை' எழுதினேன்,
அதையும் அடித்தேன்.
கடைசியில் 'எழுதப்படாத பொறுப்பு'.

காங்கேயம் போனில் கேட்டது:
"பத்திரம் இருக்கா?"
இல்லை.
"அப்ப இல்லை."
சற்று நேரம் லைனில் ஆலைச் சத்தம் மட்டும்,
அவருடைய ஆலை.
"ஏழை எடுத்துடாதீங்க. இருக்கட்டும்."

இருபத்திரண்டு லட்சம் குறைந்தது.
கிணற்றுக்கு, பேனாவுக்கு,
காலாவதியான பாய்லர் சான்றிதழுக்கு.
ஏழுக்கு யாரும் பைசா குறைக்கவில்லை.

பத்திரப்பதிவு நாலாம் தேதி.
மறுநாள் காரைக்குடியில் ஒரு லாட்ஜின்
கரன்ட் பில்களை விரித்து உட்கார்ந்திருந்தேன்.
சந்தியாகுவிடம் என் நம்பர் இருக்கிறது.
போனை, திரை தெரியும்படி,
பில்களுக்கு மேல் வைத்திருந்தேன்.