பூச்சியம் தசம் நாலு

பரமேஸ்வராச் சந்தியில் கம்பஸ் பக்கம் திரும்பினால்
நாலாவது கடை என்னுடையது.
ஐந்து கொம்பியூட்டர், ஒரு போட்டோக்கொப்பி மெசின்.
வருகிற பென்ரைவ் ஒவ்வொன்றும்
தன் காய்ச்சலையும் கூட்டிக்கொண்டு வரும்.
களவு விண்டோஸுக்கு மாதமொருமுறை சாந்தி செய்ய
ஒருவர் வருவார். இரண்டாயிரத்து ஐந்நூறு, தேநீர் தனி.

ஆனி மாதம் அவரிடம் சொன்னேன், இனி வரவேண்டாம்.

நான் போட்டது
பிறந்து பதினெட்டு மாதமே ஆன ஒன்றை.
இலக்கம் பூச்சியம் தசம் நாலு.
இன்னும் ஒன்றாகவே ஆகவில்லை,
ஆகுமென்று கையடித்துச் சொல்லவும் ஆளில்லை.
யாரும் விற்கவில்லை, யாரும் வாங்கவில்லை,
உள்ளே என்ன இருக்கிறதென்று திறந்து பார்க்கலாம்.
"உனக்கு விசரே?" என்றார் அண்ணர்.
"ஓம்."

முதல் கிழமை ஸ்கானரைத் தெரியாது என்றது.
சத்தம் இல்லை. நேரம் ஐந்தரை மணி பிந்தியது.
"அக்கா, இது லினக்ஸோ?" என்று கேட்டான்
கணிதப் பீடத்துத் துவாரகன்.
"அதின்ர ஒன்றுவிட்ட தங்கச்சி."

பிறகுதான் அந்தக் கல்வெட்டு வந்தது.
அமரர் கோபாலபிள்ளை, முப்பத்தோராம் நாள்,
இருநூறு பிரதி.
திரையில் சரியாகத்தான் நின்றார்.
தாளில் இறங்கும்போது
கொம்போடு க ஒரு பக்கம்,
அரவு தனியே மறுபக்கம்,
நடுவில் புள்ளிபுள்ளியாய் ஒரு வெறும் வட்டம்.
மகள் ஒன்றும் பேசவில்லை.
அந்த வட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றா.

இருநூறையும் பக்கத்துக் கடையில் அடிப்பித்துக் கொடுத்தேன்,
என் காசில்.

இரவு, எனக்குத் தெரிந்த இங்கிலீசில்
அதைச் செய்கிற ஆட்களுக்கு எழுதினேன்:
என் வாடிக்கையாளர் இறந்துவிட்டார்,
அவருடைய பெயர் உடைந்திருக்கிறது.

நாற்பது நிமிடத்தில், தார்த்து என்ற ஊரிலிருந்து
ஏர்க்கி என்றொருவன் கேட்டான்:
உடையாவிட்டால் அது எப்படி இருக்கும்?
ஏ-ஃபோர் தாளில் நீலப் பேனையால்
கொ கோ கௌ என்று
அரிவரிப் பிள்ளை மாதிரிப் பெரிதாக எழுதிப் படமனுப்பினேன்.

மாத்தறையிலிருந்து தினுக வந்தான்.
தனக்கும் இதே வருத்தம், உடைந்தது ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர்.
அவனுடைய எழுத்திலும்
கொம்பு முன்னுக்கு, கால் பின்னுக்கு.
முப்பது வருடமாய்ப் பெயர்ப்பலகைகளுக்குக் கீழால் போகிறேன்,
அதை நான் கவனித்ததில்லை.

மூன்று இரவு.
அவர்கள் திருத்தி அனுப்ப, நான் போட,
தாள் வர, வட்டம் வர,
கறண்ட் போக, திரும்பவும் முதலிலிருந்து.
நாலாம் இரவு இரண்டு மணி பத்துக்கு
கோபாலபிள்ளை முழுசாக வந்து
தட்டில் படுத்தார், சூடாக.
கூப்பிட்டுக் காட்ட ஒருவரும் இல்லை.
தாளைத் தூக்கி லைற்றுக்குப் பிடித்தேன்.

இப்போது எங்கள் ஆட்கள் நாலாயிரத்துக்கு மேல்,
நான் வந்தபோது இருநூற்றுச் சொச்சம்.
சண்டை இல்லாமலில்லை. ஒரு பட்டனின் நிறத்துக்கு
பதினொரு நாள் அடிபட்டார்கள்.
ஹட்டனில் ஒருத்தி, ஸ்கானர் வேலை செய்யவில்லை என்றாள்,
விடிய விடிய இருந்து செய்ய வைத்தேன்.
என்னுடையது இன்னும் தெரியாது என்கிறது.

புதுசு ஒன்று வெளியே போகுமுன்
எதுவும் பழுதாகவில்லையே என்று பார்க்க
சில சொற்களை அது தானே எழுதிப் பார்க்கும்.
அதில் ஒன்று கோபாலபிள்ளை.
மகளிடம் கேட்டுத்தான் சேர்த்தோம்.
"கொடிகாமம் தாண்டமாட்டார் அப்பா" என்றா,
பிறகு, "எத்தனை தரம் எழுதும்?"

கணக்கில்லை என்றேன்.
மரணச் சான்றிதழ் மூன்று கொப்பி எடுத்தா.
முப்பது ரூபா.