கூடுதலாக ஒரு செட்

அந்த மனுஷன் கொண்டுவந்தது
சணல் கயிறு சுற்றின பைண்டு நோட்டு.
பிரித்தால் கற்பூரமும் கரப்பானும் கலந்த வாசனை.
நூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஒரு செட் போதும் என்றார்.
நான் இரண்டு போட்டேன்.

தங்கசாலையில் பதினோரு வருஷமாக ஜெராக்ஸ் போடுகிறேன்.
அடுத்தவர் காகிதத்தைப் படித்ததில்லை.
ரேஷன் கார்டு, விவாகரத்துப் பத்திரம், கட்டி என்று எழுதின ஸ்கேன் ரிப்போர்ட்,
எல்லாம் எனக்கு ஒரு வெளிச்சம், பிறகு கொஞ்சம் சூடு.

ஆனால் அது புஷ்பராணி போன மாசம்.
என் சீட்டுப் பணம் எண்பத்திரண்டாயிரத்தோடு
கொருக்குப்பேட்டை கேட் தாண்டினவள்
திரும்ப வரவில்லை.

‘சஅ நாள் விரதம்’ என்றிருந்தது.
சஅ என்றால் ஏதோ பீஜம் என்று
ஒரு வாரம் உதட்டுக்குள் ஜெபித்தேன்.
தமிழ் எண்ணாம். நாற்பத்தெட்டு.
அப்படித்தான் தொடங்கியது என் மாந்திரீகம்.

கறி நிறுத்தினேன். மீன் நிறுத்த முடியவில்லை,
காசிமேட்டுக்காரியிடம் அதை எந்த தேவதையும் கேட்காது.
செம்புத் தகடு வாங்கினேன்,
மகனின் காம்பஸ் முனையால் கட்டம் கீறப் பழகினேன்.
வசம்பு சுட்ட மை. எலுமிச்சை நான்கு.
எதிரியின் காலடி மண் ஒரு பிடி.
அவள் தெருவோ முழுக்க சிமெண்ட்.
கன்டெய்னர் லாரித் தூசியைக் கூட்டி எடுத்தேன்,
அதில் யார் கால் இல்லை?

கடைசியாகக் கேட்டது அவள் தாய் பேர்.

வாக்காளர் பட்டியலில் புருஷன் பேர்.
பள்ளிச் சான்றில் அப்பன் பேர்.
அம்மா பேர் கேட்கிற ஒரே ஆபீஸ் சூனியம்தான்.
தெருவில் விசாரித்தேன்.
‘அந்தம்மாவா? அந்தம்மாதான்.’
‘பூ கட்டும். கால் எடுத்துட்டாங்க. செத்துப்போச்சே, ஆடியில.’

சுடுகாட்டு ரிஜிஸ்டர்காரர்
நீ என்ன உறவு என்றார்.
சீட்டு உறவு என்றேன்.
சிரிக்காமல் பக்கம் திருப்பினார்.
நாகபூஷணம், அறுபத்து மூன்று, சர்க்கரை.
உடலை ஒப்புக்கொண்டவர்: மகள்.
கையெழுத்து கோணலாக, மை தீர்ந்த பேனாவில் இரண்டு தரம்.
என் பணம் எங்கே போனதென்று
அந்தப் பக்கத்தில் எழுதியில்லை.

வீட்டுக்கு நடந்தேன். நாகபூஷணம்.
வாய் நிறைந்துபோகிற பேர்.
அமாவாசை அன்று தகட்டில் அதை மட்டும் கீறினேன்,
அதற்குக் கீழே மகள் பேரை எழுத வேண்டும்,
எழுதவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்ல மாட்டேன்.
ஏ-ஃபோர் கட்டுகளுக்கு அடியில் கிடக்கிறது.

எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது.
பால் குடிக்காத பிள்ளைகளோடு வருகிறார்கள்.
கறுப்புக் கயிறு முடிந்து தருவேன்,
வலிப்பு என்றால் முதலில் ஸ்டான்லி, பிறகு கயிறு.

போன மழையில் நோட்டு ஊறிப்போச்சு என்று
அந்த மனுஷன் மறுபடி வந்து நின்றார்.
உள்ளே போய் என் செட்டை எடுத்துப் போட்டேன்.
பக்கத்துக்கு இரண்டு ரூபாய், வாங்கிக்கொண்டேன்.
புரட்டினவர் நூற்றி ஒன்பதில் நின்றார்.
கட்டு அவிழ்க்கிற மந்திரம்,
அதன் மேல் கறுப்பாக ஒரு கட்டைவிரல் நிழல்.

‘இது யார் விரல்?’
‘மெஷின்ல அப்பப்ப விழும்’ என்றேன்.
‘சரி விடு,’ என்றார்,
‘அவிழ்க்கச் சொல்லி எவன் வர்றான்.’