முக்காற்புள்ளிக்கு முன்னால்

சான் அந்தோனியோ துறைமுகத்தில் டிசம்பர் என்றால் செர்ரி.
குளிர்பெட்டி சுமந்த லாரிகள்
இரண்டு கிலோமீட்டருக்கு உறுமிக்கொண்டு நிற்கும்.
மீன் தளத்துக் கடல்சிங்கங்கள்
போட்டிக்குக் கத்தும்.

இரவு இரண்டு பத்துக்கு
என் திரையில் நாற்பத்தொரு சரக்குப் பட்டியல்கள்
சிவப்பில் கிடந்தன.
எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்:
இன்ன வகை ஆவணம் என்று தெரியவில்லை.

ஒன்றைத் திறந்தேன்.
கப்பல் பெயர், பெட்டி எண், முத்திரை எண், எத்தனை கிலோ,
எல்லாம் அதனதன் இடத்தில்.
கூட்டலும் சரி.
நேற்றுவரை எம்எஃப் என்று தொடங்கிய குறிச்சொற்கள்
இன்று வெறும் எம் என்று தொடங்கின.
கப்பல் கம்பெனிக்காரன் மென்பொருளைப் புதுப்பித்திருக்கிறான்.
ஓர் எழுத்தை மிச்சம் பிடித்திருக்கிறான்.
அவ்வளவுதான்.

வாசலில் நிற்கிற எங்கள் நிரலைத் தோண்டினேன்.
ஏழு வருஷத்துக்கு முன் எலெயுத்தேரியோ எழுதியது.
கோப்பின் தலையில் எம்எஃப்பும் முக்காற்புள்ளியும் இருந்தால்
சரக்குப் பட்டியல்.
இல்லாவிட்டால் தள்ளு.
பக்கத்தில் அவன் கைப்பட ஒரு குறிப்பு:
இப்போதைக்கு.

இப்போதைக்கு என்ற சொல்லுக்கு ஆயுசு கெட்டி.

என் அண்ணனை வீட்டில் ஃப்ளாக்கோ என்போம், ஒல்லிப்பயல்.
சுவருக்கு அந்தப் பக்கம்
ஃப்ளாக்கோ என்றால் ஒரு மஞ்சள் நாய்.
பக்கத்து வீட்டம்மா எலும்பு போடக் கூப்பிடும்போதெல்லாம்
அண்ணனும் தலையைத் தூக்குவான்.
வங்கியில் அவன் ஃப்ளாக்கோ இல்லை.
அங்கே அவன் எட்டு இலக்கம், ஒரு கோடு,
கோட்டுக்குப் பின் சரிபார்க்க ஓர் எண்.
அதைச் சொல்லி அவனை யாரும் சாப்பிடக் கூப்பிட்டதில்லை.
அதைச் சொன்னபோது
நாய் வந்து நின்றதுமில்லை.

முன்னொட்டு வீட்டுப் பெயர்.
அந்தந்தக் கோப்பின் சுவருக்குள் மட்டும் செல்லும்.
முதல் வரியிலேயே எழுதியிருந்தது,
ஏழு வருஷமாக எழுதியிருந்தது,
இந்த எழுத்து என்றால் இன்ன பெயர்வெளி என்று,
சாய்கோடும் புள்ளியுமாய் நீண்ட ஒரு முகவரி.
எலெயுத்தேரியோ அதைப் படிக்கவில்லை.
நானும்தான் எத்தனை முறை தாண்டிப் போயிருக்கிறேன்,
கதவு எண்ணை விட்டுவிட்டுத்
திரைச்சீலை நிறத்தைப் பார்த்து வீடு நுழைகிறவள் மாதிரி.

அந்த முகவரியை உலாவியில் தட்டிப் பார்த்தேன்.
பக்கம் இல்லை என்றது.
யாரும் குடியிருக்கக் கட்டியதல்ல அது.
இன்னொருவர் அதே விலாசத்தைச்
சொந்தம் கொண்டாடாமல் இருந்தால் போதும்.

அப்புறம்தான் வயிறு கலங்கியது.
சிவப்பை விட்டுப் பச்சையைத் தேடினேன்.
மூன்று கோப்புகள்,
எம்எஃப் என்று அழகாகத் தொடங்கி
உள்ளே போய் உட்கார்ந்திருந்தன.
முகவரி வேறு.
புகைமருந்து அடித்த சான்றிதழ்கள்,
சரக்கே இல்லாத சரக்குப் பட்டியல்களாய்
கப்பலில் இடம் பிடித்திருந்தன.
எலும்புக்கு அண்ணன் போய்விட்டான்.

கைபேசி அடித்தது. ஓர்ஃபெலினா,
வரிசையில் பதினேழாவது லாரி.
"பெண்ணே, பெட்டி பூஜ்யம் டிகிரியில் நிற்கிறது. டீசல் நிற்காது."
"உங்கள் பட்டியலை வேறு பேரில் கூப்பிட்டிருக்கிறார்கள்."
"உள்ளே இருப்பது செர்ரிதானே?"
"செர்ரிதான்."
"அப்புறம் என்ன?"

அந்த அப்புறம் என்னவைத்தான்
நிரலாய் எழுத வேண்டியிருந்தது.
முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பதைப் பார்க்காதே.
வேர் உறுப்பின் பெயர்வெளியை எடு,
அதன் சொந்தப் பெயரை எடு,
இரண்டும் சேர்ந்தால்தான் ஆள்.
பதினொரு வரி.
ஒரு வரியில் அடைப்புக்குறியை மறந்து
இருபது நிமிஷம் போச்சு.

நாலு நாற்பதுக்குச் சிவப்பு வடிந்தது.
அந்த மூன்றை மட்டும் கையால் இழுத்து வெளியே போட்டேன்.
முன்னொட்டே இல்லாமல் ஒன்று வந்தது,
எந்தக் கம்பெனியோ,
மொட்டைக் குறிச்சொற்கள்,
தலையில் அதே முகவரி.
போ என்றது நிரல்.

வாசலைத் தாண்டும்போது ஓர்ஃபெலினா
இரண்டு முறை ஹாரன் அடித்தாள், எனக்காக.
மீன் தளத்திலிருந்து கடல்சிங்கங்கள்
பதில் கொடுத்தன,
தங்களைத்தான் கூப்பிட்டாள் என்று.