ஆயிரம் அடி

நகராட்சி என்னிடம் கொடுத்திருப்பது
ஒரு சக்கரம், நீளமாய் ஒரு கைப்பிடி,
உருள உருள எண்ணிக்கொண்டே வரும் ஒரு சின்னப் பெட்டி.

வயது வந்தோருக்கான கடை என்றால்
தேவாலயத்திலிருந்து ஆயிரம் அடி,
பள்ளியிலிருந்து ஆயிரம்,
பூங்கா, நூலகம், ஆள் குடியிருக்கும் வீடு
எதிலிருந்தும் ஆயிரம்.
நாலாம் பிரிவு.

வரைபடத்தில் காம்பஸ் ஊன்றி
வட்டம் வட்டமாய்ப் போட்டேன்.
தூறல் விழும் குட்டை மாதிரி ஆனது
இண்டியானாவில் எங்கள் கிளேபர்ன்.
எந்த வட்டமும் தொடாமல் மிஞ்சியது
ரயில் பாதைக்கும் கழிவுநீர் ஆலைக்கும் நடுவில்
வெட்டிப் போட்ட நகம் போல ஒரு நிலம்.
அதில்தான் நிற்கிறது
டோரீன் ஹஃப்ஸ்டெட்லரின் வெல்வெட் லான்டர்ன்.
ஜன்னல் இல்லை.
ஜன்னல் கூடாது என்பதும் சட்டம்தான்,
ஆறாம் பிரிவு.

ஆட வருகிற பெண்களுக்கும் உரிமம் உண்டு.
எழுபத்தைந்து டாலர்,
பத்து விரல் ரேகை, ஒரு படம்.
படம் எடுப்பதும் நான்தான்.
மேடைப் பெயருக்கு ஒரு கட்டம்,
சொந்தப் பெயருக்கு அதைவிடச் சின்னக் கட்டம்.
ரோஷெல் கினார்ட், வயது முப்பத்தெட்டு,
பகலில் பல் மருத்துவரிடம் கணக்கெழுதுகிறவள்,
"சிரிக்கலாமா?" என்றாள்.
விதியைப் புரட்டினேன்.
அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.
சிரித்தாள்.

மார்ச் மாதம்
பழைய டயர்க் கடையை வாடகைக்கு எடுத்தார்கள்
பதினோரு பேர் கொண்ட ஒரு சபையார்.
பலகையில் கையெழுத்திலேயே பெயர்,
ஈரம் காயுமுன் ஒழுகியிருந்தது.
பாஸ்டர் எல்டன் ஃப்ரைஸ் நல்ல மனிதர்.
எனக்குக் காபி கொடுத்தார்,
எதற்கு அளக்கிறேன் என்று கேட்கவில்லை.
தெரிந்திருக்கும்.

விடியுமுன் பனிக்கட்டி மேல் உருட்டிப் போனேன்.
கதவிலிருந்து கதவுக்கு ஆயிரத்துப் பன்னிரண்டு.
சுவரிலிருந்து சுவருக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நாலு.
சட்டம் "இலிருந்து" என்கிறது,
எங்கிருந்து என்று சொல்லவில்லை.
இரண்டு வக்கீல்கள் அந்த ஒரு உருபுக்குள்
மூன்று மாதம் குடியிருந்தார்கள்.

விசாரணை அன்று ஆளுக்கு மூன்று நிமிடம்.
வீட்டு விலை பற்றி ஒருவர்.
குழந்தைகள் பற்றி ஒருவர்; அவருக்குக் குழந்தைகள் இல்லை,
ஆனாலும் குரல் உடைந்தது, நடிப்பில்லை.
டோரீன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள்:
"இருபத்திரண்டு வருஷமாய் அங்கே இருக்கிறேன்.
போன மாதம் வந்தவர்கள் அவர்கள்.
என்னிலிருந்து ஆயிரம் அடி தள்ளி
அவர்கள் இருக்க வேண்டாமா?"
தலைவர் சொன்னார்,
"சட்டம் ஒரு திசையில்தான் அளக்கும், அம்மா."

அவள் சொல்லாமல் விட்டது ஒன்று.
ஞாயிறு காலையில் சபையாரின் ஏழு கார்களும் நிற்பது
அவள் வண்டி நிறுத்தத்தில்.
டயர்க் கடை முற்றம் இன்னும் சேறு.
சனி இரவு மூடும்போது
பனியில் உப்புத் தூவிவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறாள்.
இதை எந்தப் பிரிவிலும் எழுத இடமில்லை.

பிறகு என்னை எழுப்பினார்கள்.
எண் என்ன?

ஆறடி குறைகிறது,
ஒரு ஆளைக் கிடத்தும் நீளம்.
அல்லது பன்னிரண்டடி மிஞ்சுகிறது,
இரண்டு பேரைக் கிடத்தலாம்.
இரண்டு எண்ணும் உண்மை என்றேன்.
ஒன்றைச் சொல்லுங்கள் என்றார் தலைவர்.
பனியில் சக்கரம் வழுக்கும் ஐயா,
உருகட்டும், மறுபடி அளக்கிறேன் என்றேன்.
சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.
ஏப்ரல் பதினெட்டு என்று குறித்துக்கொண்டார்கள்.

வெல்வெட் லான்டர்ன் உரிமம் முடிவதும் அந்த வாரம்.

இன்று பனி உருகித் தார் தெரிகிறது.
பெட்டியின் பொத்தானை அழுத்திச்
சுழியத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன்.
இன்னும் கிளம்பவில்லை.
மேசை இழுப்பறையில்
முத்திரை குத்தாத அட்டை ஒன்று,
சின்னக் கட்டத்தில் ரோஷெல் கினார்ட்,
விதி தடுக்காத அந்தச் சிரிப்போடு.