பயணம் போயிருக்கிறான்

அம்மான் நகரில், ஜபல் வெய்ப்தே ஏற்றத்தில்,
மெத்தைக் கடைக்கு மேலே எங்களுக்கு இரண்டு அறைகள்.
ஒன்றில் குரல் கொடுப்பவர்கள்.
இன்னொன்றில் நானும் ஒரு வெட்டு இயந்திரமும்.

ஜப்பானிலிருந்து பெட்டிகள் வரும்.
உள்ளே பெரிய கண்களோடு பிள்ளைகள்.
நம் வீட்டுக்கு இவர்கள் ஆகுமா என்று பார்ப்பது என் வேலை.
ஆகாவிட்டால், ஆக்குவது.

அரிசி மதுவை மாதுளைச் சாறாக்கினேன்.
குடித்தவன் தள்ளாடினான்,
காய்ச்சல் என்று ஒரு வரி சேர்த்தேன்.
ஆற்றங்கரையில் கைகோத்த இருவரை
அண்ணன் தங்கை ஆக்கினேன்.
அதற்குப் பிறகு அவர்கள் பார்த்துக்கொண்ட பார்வையைச் சமாளிக்க
இருபத்தாறு வாரம் ஆயிற்று எனக்கு.
முத்தம் வந்த இடங்களில் நாரைகள் பறந்தன.
எப்போதும் அதே நாரைகள்,
அதே ஒன்பது,
கடைசி நாரை கொஞ்சம் நொண்டிப் பறக்கும்.

சுவரில் ஒட்டிய தாளில் பதினொரு விதிகள்.
பன்னிரண்டாவதை யாரும் சொல்லவில்லை,
நானே பென்சிலால் எழுதினேன்:
யாரும் சாகக் கூடாது.

ஆகவே கலங்கரை விளக்கக் கதையில்
அலை அடித்துப்போட்ட அண்ணன்
தம்பியின் மடியில் கண்மூடியபோது
"நான் பயணம் போகிறேன்" என்றான் எங்கள் அரபியில்.
கஸ்ஸான் காதுக்கருவியைக் கழற்றிக் கேட்டான்,
"ருதைனா, கண்ணை மூடிக்கொண்டு
எந்த வண்டியில் ஏறுவானாம் இவன்?"
"எழுதியதைப் படி" என்றேன்.

சர்க்காவிலிருந்து ஒரு கடிதம் வந்தது.
கணக்கு நோட்டில் கிழித்த தாள்,
பின்பக்கம் பாதி முடிந்த வகுத்தல்.
"அந்த அண்ணன் எப்போது திரும்புவார்?
அறுபது பகுதியும் பார்த்துவிட்டேன், வரவில்லை.
எங்கள் அப்பாவும் பயணம்தான் போயிருக்கிறார்,
அம்மா சொன்னாள்.
அவர் கண்ணும் மூடித்தான் இருந்தது.
இப்படிக்கு, உபைதா, மூன்றாம் வகுப்பு ஆ பிரிவு."

சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.
தேநீர் போடும்போதெல்லாம் டப்பாவைத் தூக்க வேண்டியிருந்தது.
என் வரியை அந்தத் தாய் எடுத்துக்கொண்டாளா,
ஊரிலுள்ள தாய்மார் வாயிலிருந்து நான் எடுத்தேனா,
தெரியவில்லை.
ஒன்று மட்டும் உறைத்தது.
எத்தனை ஆபாசத்தை வெட்டி எறிந்திருக்கிறேன்,
அவற்றில் ஒன்றாவது
ஒரு பையனை வாசலில் இப்படிக் காக்க வைத்திருக்குமா?

அடுத்த பெட்டியில் ஒரு மருத்துவர் குடும்பம்.
பதினான்காம் பகுதியில் தாய் இறக்கிறாள்.
பனி. ஒரு தலையணை. வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்.
நம் வீட்டிலும் அப்படித்தானே ஊற்றுகிறோம்.
கத்தரியைத் தொடவில்லை.

முதலாளி ஷவ்கத் வந்து பின்னால் நின்று பார்த்தார்.
கையில் ஜபமாலை நகர்ந்துகொண்டிருந்தது.
"பிள்ளைகள் அழுவார்கள்."
"அழுவார்கள்."
மணிகள் ஒரு சுற்று போய் வந்தன.
"எட்டாம் பகுதியில் ஒரு முத்தம் இருந்ததே?"
"நாரை போட்டுவிட்டேன்."
"நல்லது" என்று சொல்லிப் படியிறங்கினார்.

என்னைப் பெரிய புரட்சிக்காரியாக நினைக்க வேண்டாம்.
மது இன்றும் மாதுளைச் சாறுதான்,
அதில் எனக்கு உறுத்தல் ஏதுமில்லை.
குளியலறைக் காட்சிகளை இரண்டாம் முறை பார்க்காமலே வெட்டுகிறேன்.
அந்த அண்ணன் தங்கையை நினைத்தால் மட்டும்
சில ராத்திரி சிரிப்பு வருகிறது,
சில ராத்திரி வருவதில்லை.

"இறந்துவிட்டாள்."
அரபியில் சின்னச் சொல், மூச்சு கூட வேண்டாம்.
கஸ்ஸான் எட்டு முறை தவறவிட்டான்.
ஒன்பதாவதில் குரல் பிசிறியது.
அதையே வைத்துக்கொண்டோம்.

உபைதாவுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.
அண்ணனைப் பற்றி ஒரு வரி எழுதி அடித்தேன்.
அப்பாவைப் பற்றி எழுத
எனக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?
கடைசியில் தபாலில் போனது இவ்வளவுதான்:

வியாழக்கிழமை, மாலை நாலரை மணி.
புதுத் தொடர், பதினான்காம் பகுதி.
அம்மாவையும் பக்கத்தில் உட்காரச் சொல்.