நடைமேடைச் சீட்டு

ஞாயிறு பூசை முடிந்ததும்
கோயில் வாசலில் செருப்புத் தேடும் நெரிசலில் நழுவி
தங்கச்சிமடத்தில் ராமநாதபுரம் பஸ் ஏறிவிடுவேன்.
வீட்டில் சொன்னது: தையல் மெஷினுக்கு ஊசி.

பாம்பன் பாலத்தில் பஸ்ஸே ஒருபக்கம் சாயும்.
ஆளுக்கொரு போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவார்கள்.
நான் அந்நேரம் டிக்கெட்டின் பின்பக்கம் படிப்பேன்.
ஒன்றும் எழுதியிருக்காது.

ஆறு நாள் மண்டபத்தில் நண்டுக் கம்பெனி.
வெள்ளைத் தொப்பி, முழங்கைவரை உறை,
அவித்த நண்டில் தோள்சதை தனி, கால்சதை தனி.
ஊதா விளக்கின் கீழே சதையைப் பரப்பி
ரெஜினா மேடம் ஓட்டுச் சில்லுத் தேடுவார்.
மினுங்கினால் கூலியில் பிடித்தம்.
கடல் என் கைக்கு வருவது இப்படித்தான்,
வெந்து, எடைபோட்டு.

நடைமேடைச் சீட்டு பத்து ரூபாய்.
இரண்டு மணி நேரம் செல்லும்.
இரண்டாம் நடைமேடையின் கடைசி பெஞ்சு,
ஒரு டீ, ஒரு மசால்வடை.
அலை கேட்காது.
பேர்சொல்லிக் கூப்பிட ஆளில்லை.
நாய் மட்டும் வந்து
என் விரல்களை விடாமல் முகரும்.
எத்தனை எலுமிச்சை தேய்த்தாலும் அதற்குத் தெரியும்.

"யாரை ஏத்திவிட வந்தீங்க?"
போன மாதம் பரிசோதகர் கேட்டார்.
"நாத்தனாரை" என்றேன்.
அவள் அன்று மூக்கையூரில்
மூன்றாம் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள்.

இன்று மதுரை வண்டி வந்து நின்றது.
பாய், பிளாஸ்டிக் வாளி, காற்றில்லாத டியூப்,
அப்பா அம்மா இரண்டு பிள்ளைகள்
அவசரமாக இறங்கி என்னிடம்தான் வந்தார்கள்.
"அக்கா, அரியமான் பீச்சுக்கு எந்தப் பஸ்?"
"ஐயோ, இதே வண்டிதான், ஏறுங்க ஏறுங்க,
உச்சிப்புளியில இறங்கி ஆட்டோ பிடிங்க."

வாளியைத் தூக்கிக் கொடுத்தேன்.
சின்னது படியில் நின்று கேட்டது:
"அங்க அலை பெருசா இருக்குமா?"
"இருக்காது. ரொம்ப தூரம் நடந்து போகலாம்.
சவுக்கு நிழல்ல உக்காரலாம். நல்லாருக்கும்."
அந்தக் கடலைப் பற்றி
ஒரு நல்ல வார்த்தை சொல்லி
எத்தனை வருஷமோ.

வண்டி நகர்ந்தது. ஜன்னலில் டியூபை ஆட்டினாள்.
என் கையும் உயர்ந்திருந்தது.
ஒருவழியாக யாரையோ ஏற்றிவிட்டேன்,
பத்து ரூபாய்க்குக் கணக்குச் சொல்ல.

ஊசிக் கடை ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை.
வீட்டில் இதை இன்னும் யாரும் கவனிக்கவில்லை.
இல்லை,
அவர் கவனித்துத்தான்
விட்டுவைத்திருக்கிறாரோ.